வகுப்புக்குப் போன குரல்

கதை சொல்கிறவர் சொல்லச் சொல்லக் கேட்கிறவர் ‘உம்’ கொட்ட வேண்டும், ‘உம்’ நின்றுபோனால் ஆள் தூங்கியாச்சு என்று கதையை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று இருந்த காலம் போய், ஆள் தூங்கின பிறகும் ‘உம்’ மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற காலம் ஒன்று வந்ததே, அந்தக் காலத்தில், தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. பல்கலைக்கழகம் என்றால் அதில் பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல், ஹாஸ்டல் என்றால் அதன் மாடியில் கடைசியாக ஓர் அறை, அறை என்றால் அதில் இரண்டு கட்டில். ஒரு கட்டிலில் ஜெபக்கனி, இன்னொரு கட்டிலில் வடிவு.

ஜெபக்கனிக்கு உடன்குடிப் பக்கம், வடிவுக்குச் செங்கோட்டைப் பக்கம். இரண்டு பேரும் புள்ளியியல் எம்.எஸ்சி. சேர்ந்த அன்றைக்குக் குளியலறை வரிசையில் ஒரே வாளிக்கு இரண்டு பேரும் கை நீட்டி, “நீ மொதல்ல எடுத்துக்கோ”, “இல்லட்டி நீ எடு” என்று நின்றதில், பின்னால் வந்தவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதில் ஆரம்பித்த சிநேகம் அது.

வடிவு எதனால் கட்டிலில் விழுந்தாள் என்பதற்குப் பிற்பாடு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஏதோ பையன் என்றார்கள், அரியர் என்றார்கள், வீட்டில் சொத்துச் சண்டை என்றார்கள். ஜெபக்கனிக்குத் தெரிந்து அப்படி ஒன்றும் இல்லை. முதலில் காலைச் சாப்பாடு போனது. மெஸ் மூடுகிற நேரத்துக்குத்தான் வடிவுக்குக் கண் திறக்கும். அப்புறம் குளியல் போனது, வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றுவது போனது. கரண்ட் கெண்டியில் வெந்நீர் காய்ச்சி நூடுல்ஸை ஊறப்போட்டுவிட்டு அதையும் சாப்பிடாமல் ஆறவிடுவது வந்தது. படுத்தபடி கையில் போனை வைத்துக்கொண்டு, யாரோ ஆடுவதையும் யாரோ சமைப்பதையும் யாரோ சிரிப்பதையும் கட்டைவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருப்பது வந்தது. பிறகு அந்தக் கட்டைவிரலும் ஓய்ந்துபோய், போன் தானாக அணைந்து நெஞ்சின் மேல் கிடந்தது. பகலில் தூங்குகிற பிள்ளைகளுக்கு அந்த ஹாஸ்டலில் வௌவால் என்று பேர். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள், பிறகு மாடியில் பாதிப் பேர் வௌவால் ஆகிவிட்டதால் அதில் கேலிக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

“ஏட்டி, எந்திரி. இன்னைக்கு தனுஷ்கோடி சார் க்ளாஸு.”

“நீ போ. நான் பொறவு வாரேன்.”

“நேத்தும் அதான சொன்ன?”

“நேத்தும் வரணும்னுதான் நெனச்சேன் கனி. எந்திரிக்கணும்னு எனக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரிய மாட்டேங்கு.”

பல்கலைக்கழகத்தில் முக்கால்வாசி நாளாவது வகுப்பில் இருக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதனால் வராதவளுக்காக வந்தவள் பதில் சொல்லிவிடுவது பிள்ளைகளுக்குள் இருந்த ஒரு மரியாதை. சீனி கேட்டால் கொடுப்பது போல, தலைவலித் தைலம் கேட்டால் கொடுப்பது போல, குரலும் கேட்டால் கொடுக்க வேண்டும், மறுக்கக் கூடாது. ஜெபக்கனிக்கு யார் குரலும் வரும். சர்ச்சில் பாடிப் பழகிய தொண்டை அது. வடிவு பேசுவது கொஞ்சம் மூக்கிலிருந்து வரும், கடைசியில் லேசாக ஓர் இழுப்பு இருக்கும். தனுஷ்கோடி சார் பெயர் கூப்பிடும்போது ஜெபக்கனி புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு அதே மூக்கோடும் அதே இழுப்போடும், “எஸ் சாஆர்” என்பாள். சார் நிமிர்ந்து பார்க்க மாட்டார். மாதக்கணக்கில் இப்படி நடந்தது. கூப்பிட்ட பெயருக்குக் குரல் வந்தது, குரல் வந்த திசையில் ஓர் ஆள் இருப்பதாக எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனி பிறந்து காற்று ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக் காற்று சாதாரணக் காற்று இல்லை. கொடியில் கிடக்கிற துணியை அடுத்த ஊரில் கொண்டுபோய்க் காயப்போடுகிற காற்று. அந்தக் காற்றில் ஜெபக்கனி சித்தி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாள். வடிவுக்குப் பதில் சொல்லச் சொல்லி யாரிடமும் ஏற்பாடு செய்யாமல் வந்துவிட்டோமே என்று பந்தியில் உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்து, பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கோமுவைப் பிடித்தாள். கோமு அவர்கள் வகுப்பிலேயே நல்ல மனசுக்காரி, யாருக்கு எது வேண்டுமென்றாலும் ஓடிவருகிறவள்.

“வடிவுக்கு யாருட்டி சொன்னா? நீயா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? அவதான் சொன்னாளே.”

“அவ வந்தாளா?”

“வரல. ஆனா சொன்னா. ஜன்னலோரம் மூணாவது பெஞ்சு இருக்குல்ல, அங்கருந்து நல்லாக் கேட்டுச்சு. ஒன்னைய மாதிரி இல்லட்டி, சுத்தமா அவ கொரலேதான்.”

மறுநாள் ஜெபக்கனியே கேட்டாள். சார் “வடிவாம்பிகை” என்றார். ஜன்னலோரத்தில், காற்று வந்து மோதுகிற இடத்தில், யாருமே இல்லாத மூன்றாவது பெஞ்சிலிருந்து, மூக்கும் இழுப்புமாக, “எஸ் சாஆர்” என்று வந்தது. சார் டிக் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

இப்படித்தான் வடிவின் குரல் வகுப்புக்குப் போக ஆரம்பித்தது. போக ஆரம்பித்த குரல் ஒருநாளும் பிந்தவில்லை, ஒருநாளும் போனை நோண்டவில்லை, கேள்வி கேட்டால் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே சொன்னது. “பாருங்க, ஃபேன் சத்தத்துக்கு மேல கேக்குற ஒரே கொரலு வடிவுதான்” என்று சாரே மெச்சினார். அந்த பெஞ்சில் யாராவது தெரியாமல் பையை வைத்தால், “ஏட்டி, வடிவு உக்காந்திருக்கா, எடு” என்று பக்கத்தில் இருப்பவள் சொல்வாள், வைத்தவளும் “ஐயோ, ஸாரிப்பா” என்று எடுத்துக்கொள்வாள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் பெஞ்சின் மேல் ஒரு துண்டு வைத்தார்கள், எறும்பு தின்றது. சாயங்காலம் ஹாஸ்டல் வராந்தாவில் பெயர் கூப்பிடும்போது தூணோரத்திலிருந்து பதில் வந்தது. மெஸ்ஸில் செண்பகம் அக்கா, “தோசைக்கு யாருல்லாம்?” என்று கேட்டால், “எனக்கு ரெண்டுக்கா” என்றது. அக்கா சுட்டு வைத்தாள், தோசை ஆறியது, அக்கா தானே அதை எடுத்துக் கொட்டிவிட்டு, “இந்தப் புள்ள வாங்கும், திங்காது” என்று செல்லமாகச் சலித்துக்கொண்டாள்.

மேலே, மாடியில், கடைசி அறையில் வடிவு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

குரல் போனதிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை. ஜெபக்கனி கேட்டால் வாய் அசையும், உதடு கூடும், பிரியும், சத்தம் மட்டும் வராது. கிணற்றில் வாளி இறங்கி இறங்கித் தண்ணீர் இல்லாமலே ஏறி வருவது போல இருக்கும். ஜெபக்கனி தயிர்சாதம் கொண்டுவந்து ஊட்டினால் ஓரிரண்டு வாய் வாங்கிக்கொள்வாள். சடை பிடித்துப்போன தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். முன்பு சேக்காளிகள் இரண்டு பேர் மூன்று பேராக வந்து, “ரெஸ்ட் எடுப்பா, எல்லாஞ் சரியாயிரும்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குரல் கீழே நடமாட ஆரம்பித்த பிறகு அதுவும் நின்றுபோனது. கீழேயே பார்த்துவிட்டவளைப் பார்க்க யார் மாடி ஏறுவார்கள்?

ஜெபக்கனிக்கு அப்போது ஒரே ஓர் எண்ணம்தான் இருந்தது. யாராவது ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், இந்தப் படி ஏறி வந்து இந்தக் கட்டிலைப் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், வீட்டுக்குச் சொல்லலாம். அதற்குமுன் தானே கீழே கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம் என்று ஒரு காலையில் வடிவுக்கு முகம் கழுவிவிட்டு, தன் சுடிதாரையே போட்டுவிட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் நடத்தினாள். வடிவும் நடந்தாள். படி வந்தது. ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள். அந்த நேரம் பார்த்துக் கீழே பிள்ளைகள் கூட்டமாக வகுப்புக்குப் போனார்கள். கூட்டத்துக்கு நடுவே வடிவின் குரல் எதற்கோ சிரித்துக்கொண்டு, “சீ போட்டி” என்று யாரையோ சொல்லிக்கொண்டு போயிற்று. வடிவு கைப்பிடியைப் பிடித்தபடி அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஜெபக்கனியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ‘அதான் போயிருச்சே’ என்பது போல இருந்தது. திரும்பி, ஏறி, கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு படி வரைக்கும் அவளைக் கொண்டுவர முடியவில்லை.

மறுநாள் வகுப்பில், “எஸ் சாஆர்” என்று வந்ததும் ஜெபக்கனி எழுந்து நின்றாள்.

“சார், அங்க யாருமில்ல சார்.”

தனுஷ்கோடி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “எங்கம்மா?”

“மூணாவது பெஞ்சுல. வடிவு ரூம்லதான் கெடக்கா சார். எந்திரிக்க மாட்டேங்கா. சாப்பிட மாட்டேங்கா. நீங்க யாராவது வந்து பாக்கணும்.”

“வடிவு,” என்றார் சார் ஜன்னல் பக்கம் திரும்பி, “ஒடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?”

“நல்லாருக்கேன் சாஆர்.”

“பெறகு என்ன?” என்றார் சார், கோபமே இல்லாமல். வகுப்பு சிரித்தது. வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. “ஏட்டி, அவ அட்டெண்டன்ஸக் கெடுக்கவா பாக்க?” என்றாள் ஒருத்தி. “கூடவே இருந்துகிட்டு போட்டுக் கொடுக்காளே” என்றாள் இன்னொருத்தி. அன்றிலிருந்து மெஸ்ஸில் ஜெபக்கனி போய் உட்கார்ந்த மேஜையில் தட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்துபோயின. கோமு மட்டும் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “வுடு கனி, அவளுவ அப்படித்தான்” என்று தன் அப்பளத்தில் பாதியை உடைத்து ஜெபக்கனி தட்டில் வைத்தாள். “நான் வந்து பாக்கணும்னு சொன்னா வாரேன். ஆனா நேத்துகூட வடிவு எங்கிட்ட அரைமணி நேரம் பேசினாளே” என்றாள். கை கழுவி எழுந்ததும் யாரோ எதற்கோ கூப்பிட, மாடியை மறந்து அந்தப் பக்கம் ஓடிவிட்டாள்.

அந்த மாதம் மாணவர் நல வாரம் வந்தது. ஆடிட்டோரியத்தில் ஒரு மேடம் மைக் பிடித்து, “தினமும் காலைல சாப்பிடுறவங்கள்லாம் சொல்லுங்க பாப்போம்” என்றார். “நான் மேடம்” என்று அரங்கமே அதிர்ந்தது. அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. “நல்லாத் தூங்குறவங்க?” “நான் மேடம்.” “நடக்குறது, ஓடுறது, வெளையாடுறது?” “நான் மேடம், நான் மேடம்.” வடிவின் குரலுக்குப் பக்கத்தில் இப்போது வேறு பல குரல்களும் இருந்தன. பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு பெஞ்சுகள் தானாகப் பேசத் தொடங்கியிருந்தன. கடைசியாக அந்த மேடம் குரலைத் தாழ்த்தி, “மனசுக்கு முடியாம யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார். அரங்கம் அமைதியாக இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் அவரவர் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார்கள். மேடத்துக்குச் சந்தோஷம். நல்ல பழக்கவழக்கமுள்ள ஹாஸ்டல் என்று ஒரு பித்தளைக் கோப்பை கொடுத்துவிட்டுப் போனார். அது வார்டன் லூர்து மேடத்தின் மேஜையில் பேனா போடுவதற்கு உதவியது.

அப்புறம்தான் ஜெபக்கனி வடிவின் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவர்கள் ஊர் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஒருதடவை போயிருந்தபோது அத்தை என்று கூப்பிட்டுப் பழகிய அம்மா அவள்.

“அத்தை, ஒருதடவ வந்து பாத்துட்டுப் போங்க அத்தை. வடிவுக்கு முடியல.”

“ஐயோ! இப்பதானம்மா பேசினேன். தோச சாப்ட்டேன்னாளே? ரெண்டு தின்னேன்னாளே?”

“அது அவ இல்ல அத்தை.”

“எம் புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?” என்று அத்தை சிரித்தாள். ஆனால் சிரித்தாலும் பெற்ற வயிறு கேட்காதல்லவா, அந்த ஞாயிற்றுக்கிழமையே தேங்காயெண்ணெயும் அதிரசமும் எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்து இறங்கிவிட்டாள்.

பார்க்க வருகிறவர்கள் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகையோடு சரி, மேலே போகக் கூடாது. ஜெபக்கனி வார்டனிடம் ஓடி, ஒரே ஒருதடவை விடுங்கள் என்று கெஞ்சினாள். லூர்து மேடம் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, “அவங்கதான் பேசிட்டிருக்காங்களே. பெறகு மேல எதுக்கு?” என்றார்.

ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். அத்தை கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தரையிலிருந்து குரல், “ஆமாம்மா, சரிம்மா, நல்லாப் படிக்கேம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அத்தை உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்து, தன் முழங்காலுக்கு முன்னால் இருந்த காற்றில் தடவினாள். வகிடு எடுத்தாள். காற்றை மூன்று கால் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, இறுக்கிப் பின்னிக்கொண்டே வந்து, நுனியில் பல்லால் பிரித்த ரப்பர் பேண்டைச் சுற்றினாள். ரப்பர் பேண்டு தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி சுற்றினாள். மறுபடி விழுந்தது.

“அத்தை,” என்றாள் ஜெபக்கனி. “அத்தை, மேல வாங்க.”

அத்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண் நிறைய ஏதோ இருந்தது, தெரிந்திருந்தது போலவும் இருந்தது, தெரிய வேண்டாம் என்பது போலவும் இருந்தது.

“முடிதான் ரொம்பக் கொட்டிப்போச்சும்மா,” என்றாள். “இங்கத்த உப்புத் தண்ணி.”

அதிரசத்தை ஜெபக்கனி கையில் கொடுத்து, குரலைப் பார்த்து, “வாரேம்மா, நேரத்துக்குச் சாப்பிடு” என்று சொல்லி, கடைசி பஸ்ஸைப் பிடிக்க எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே போனாள். ஜெபக்கனி மேலே வந்து அதிரசத்தைப் பிட்டு வடிவின் வாயில் வைத்தாள். வடிவு அதை மென்றாள். வாயை அசைத்துக்கொண்டே அழுதாள், சத்தமில்லாமல். அம்மா கைப் பாகு அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஜெபக்கனி வடிவைத் தனியே விட்டுப் போகவில்லை. முதலில் மத்தியான வகுப்புக்கு மட்டும் போகாமல் இருந்தாள். பிறகு காலையிலும் போகவில்லை. மெஸ்ஸுக்குப் போய்த் தனியாக உட்காருவதற்குப் பதில் பிஸ்கட்டும் டீயும் போதும் என்று ஆயிற்று. வடிவின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்தவள் சாய்ந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தவள் படுத்துப் பார்த்தாள். கோமு கதவு வரைக்கும் வந்து தலையை நீட்டி, “கவலப்படாத கனி, ஒனக்கு நான் சொல்லிட்டு வாரேன். ஒங்கொரலு எனக்கு இப்ப நல்லா வருது” என்றாள். வெளிச்சத்திலிருந்து வந்தவளுக்கு உள்ளே இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஜெபக்கனி வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கோமு படி இறங்கிவிட்டாள். நல்ல மனசுக்காரி, ஒருநாளும் மறக்காமல் சொன்னாள்.

செமஸ்டர் முடிந்தது. ஹாஸ்டலைப் பூட்டுகிற நாள். அறை அறையாக ஏறிப் பார்த்துப் பூட்டுவதுதான் வழக்கம்; இப்போதெல்லாம் கீழே கேட்டில் நின்று பெயரைக் கூப்பிட்டாலே போதும் என்று ஆகியிருந்தது. வெயிலும் காற்றுமாக இருந்த அந்த மத்தியானத்தில் லூர்து மேடம் கேட்டருகே நின்று, கை நிறையப் பூட்டுகளோடு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் பையை இழுத்துக்கொண்டு, “போயிட்டு வாரேன் மேடம்” என்று போனாள். பையில்லாமலும் சில குரல்கள் போயின.

பெயர் கூப்பிடுகிற சத்தம் மாடிக்குக் கேட்டதும் ஜெபக்கனிக்கு விழிப்பு வந்தது. இதுதான் கடைசி, இப்போது சொன்னால்தான் உண்டு என்று தோன்றியது. படி இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, வராந்தாக் கம்பி வரைக்கும் வந்தாள்.

“வடிவாம்பிகை.”

“போயிட்டு வாரேன் மேடாஆம்” என்றது கேட்டோரத்தில்.

மேடம், அவள் இங்கே இருக்கிறாள் மேடம் என்று ஜெபக்கனி கத்தினாள். வாய் திறந்தது, உதடு கூடியது, பிரிந்தது.

“ஜெபக்கனி.”

“போயிட்டு வாரேன் மேடம்!” என்று கீழே அவளுடைய குரல், சர்ச்சில் பாடிப் பழகிய அந்தத் தொண்டைக் குரல், கணீரென்று சொல்லிற்று. “நல்லபடியா போயிட்டு வாம்மா” என்றார் மேடம். ஜெபக்கனி கம்பியில் இரண்டு கையாலும் அடித்தாள். லூர்து மேடம் மாடியை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார். வெயில் கண்ணில் குத்தியது. “எவளோ ஜன்னலச் சாத்தாமப் போயிருக்கா, காத்துல கெடந்து அடிக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஜெபக்கனி அறைக்குத் திரும்பினாள். வடிவு கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எத்தனையோ நாளுக்கு அப்புறம் தானாகவே அசைந்து, சுவரோடு சுவராக ஒதுங்கி, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டாள்.

கீழே லூர்து மேடம் கேட்டை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒருதடவை ஆட்டிப் பார்த்து, “எல்லாரும் போயாச்சா?” என்று வழக்கத்துக்குக் கேட்டார். “போயாச்சு மேடம்” என்று காற்றில் பல குரல்கள் வந்தன. சரி என்று தலையாட்டிக்கொண்டு, குடையை விரித்து, காற்று அதைத் திருப்பிப் போட, மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்றாலைகளுக்கு நடுவே போகிற ரோட்டில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துபோனார்.